என் இடம் இன்னும் கீழே

ஸ்ரீபாத மலை உச்சியில் இருந்த அத்தனை பேரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். ஹேமதிலக மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

வானம் வெளுத்திருந்தது. குளிரில் பல் கிட்டியது. கம்பளித் தொப்பியும் போர்வையுமாக நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் ஒரு குழந்தை, சூரியன் எங்கே, எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு தூரம் ஏறி வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல சூரியன் வந்துடும். பார்த்துட்டுப் போவோமே" என்றாள் இரங்கனி.

"ஏலாது. ஆறு மணிக்குச் சரியா முதல் படியில கால் வைக்கணும்."

"ஏன், பஸ் போயிடுமா?"

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கும் மனிதரிடம் இப்படிக் கேட்பது இரங்கனிக்குப் பழைய பகிடி. ஆனால் ஒரு வருடமாக அவள் அவரிடம் பகிடி விட்டதே கிடையாது. சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், விளக்கை அணைப்பாள். கேட்டதற்கு ஆம், இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும் என்று ஹேமதிலக நினைத்திருந்தார். அந்தக் காரணம் தன் கழுத்தில் மணி போலத் தொங்குவதாகவும் நினைத்திருந்தார்.

எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை உச்சியில் மணியடிக்க வேண்டும் என்பது மலையின் வழக்கம். முந்தின மாலை இரங்கனி தன் பங்குக்கு அடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வருடம் தவறாமல் வந்தவர், அவர் அடித்தால் சுற்றி நிற்பவர்கள் எண்ணிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இந்த முறை அவர் கயிற்றைத் தொடவில்லை.

முள் ஆறைத் தொட்டது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹேமதிலக இரத்தினபுரிப் பக்கம் இறங்கும் படியில் கால் வைத்தார். பின்னால் இரங்கனி இறங்கினாள். கொஞ்சம் இறங்கியதும் மேலே "சாது! சாது!" என்று ஒரே சத்தம். சூரியன் வந்துவிட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருடம் இதே திகதியில், இதே ஆறு மணிக்கு, இதே பாதையின் அடிவாரமான பலாபத்தலையில் அவர்களுடைய ஒரே மகள் ஓஷதி முதல் படியில் கால் வைத்தாள். அந்த மாதம் முடிவதற்குள் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள்.

இன்று ஹேமதிலக அவளைச் சந்திக்கப் போகிறார். பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கணக்குப்படி சந்திக்கப் போகிறார். அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

போன வருடம் அன்று மாலை உச்சியில், மண்டபத்து மூலையில், பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது ஹேமதிலக வழக்கம்போல் தன் பெருமையை அவிழ்த்துவிட்டார். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்தேன், எங்கே எத்தனை நிமிடம் நின்றேன் என்று பஸ் அட்டவணை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். ஓஷதி கேம்பஸில் கணிதம் படிக்கிறவள். சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு கணக்கு சொல்லவா?"

"மலைக்கு வந்தும் கணக்கா? சரி, சொல்லு."

"இன்னைக்கு ஆறு மணிக்குக் கீழ இருந்து ஏறத் தொடங்கினீங்க. நாளைக்கு ஆறு மணிக்கு இங்க இருந்து இறங்கத் தொடங்குவீங்க. அதே பாதை. அந்தப் பாதையில ஒரு இடம் இருக்கு. இன்னைக்கு எத்தனை மணிக்கு அந்த இடத்துல நின்னீங்களோ, நாளைக்கும் சரியா அதே மணிக்கு அங்க நிப்பீங்க."

"அது எப்படி? ஏறுறது ஒரு வேகம், இறங்குறது ஒரு வேகம். நான் ஓடி இறங்கினா?"

"ஓடுங்க."

"வழியில படுத்துத் தூங்கினா?"

"தூங்குங்க. குறட்டையும் விடுங்க. அப்பவும் அப்படி ஒரு இடம் இருக்கும். தப்பவே ஏலாது."

ஹேமதிலகவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நேரத்தைப் பற்றித் தனக்கே ஒருத்தி பாடம் எடுக்கிறாளா? "இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் மகள்" என்றார்.

ஓஷதி சிரித்தாள். "சரி, உங்க பாஷையிலயே கேக்குறேன். ஆறு மணிக்கு இரத்தினபுரியில இருந்து ஒரு பஸ் கொழும்புக்குப் போகுது. அதே ஆறு மணிக்குக் கொழும்புல இருந்து ஒரு பஸ் இரத்தினபுரிக்கு வருது. ஒரே ரோட். ரெண்டும் சந்திக்காமப் போக ஏலுமா?"

"அது எப்படி ஏலும்? அவிசாவளையோ எஹலியகொடவோ, எங்கயாவது ஒரு இடத்துல ஒன்னை ஒன்னு தாண்டித்தானே ஆகணும்."

"ஒன்னு மெதுவாப் போனா?"

"அப்பவும் தாண்டும். இடம்தான் மாறும்."

"இன்னைக்கு ஏறின ஹேமதிலக ஒரு பஸ். நாளைக்கு இறங்குற ஹேமதிலக மற்ற பஸ். அவ்வளவுதான் அப்பா. நாளைக்கு வழியில நீங்க உங்களையே தாண்டிப் போவீங்க."

அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனை வருடம் பஸ்களை அனுப்பியும் வாங்கியும் வந்திருக்கிறார். தன்னையே தான் தாண்டிப் போகும் ஒரு இடம் ஒவ்வொரு யாத்திரையிலும் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவருக்கு அது தெரியவில்லை.

மறுநாள் இறங்கும்போது கடிகாரமும் கையுமாகவே நடந்தார். கெத்தம்பானவுக்குச் சற்று மேலே, பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு திருப்பத்தில் நேரம் அச்சொட்டாகப் பொருந்தியது. "கண்டுபிடிச்சிட்டேன்! இந்தா, இங்கதான்!" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். பின்னால் ஒரு படியில் உட்கார்ந்திருந்த ஓஷதி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் இடம் இன்னும் கீழ இருக்கு அப்பா."

அவர் சிரித்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று டாக்டர் கேட்டார். "மலையில இருந்து வந்த பிறகு" என்றார் ஹேமதிலக. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அது உண்மையா? ஒரு வருடமாக அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி இது ஒன்றுதான். மலையிலேயே காய்ச்சல் இருந்ததா? காய்ச்சலோடு இருந்த பிள்ளையையா ஏற்றி இறக்கினேன்?

பஸ் நிலையத்தில் அறிவிப்பு மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. போன வருடம் ஓஷதி ஆறு மணிக்குக் கீழிருந்து புறப்பட்டாள். இந்த வருடம் அதே திகதியில் நான் ஆறு மணிக்கு மேலிருந்து புறப்பட்டால்? ஒரே பாதை. எங்கேயோ ஒரு படியில், அவள் நின்ற அதே மணிக்கு, அதே நிமிடத்துக்கு, நான் நிற்பேன். தப்பவே ஏலாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இதை வீட்டில் சொன்னபோது இரங்கனி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நடுவுல ஒரு வருஷம் கிடக்குதே" என்றாள்.

"பஸ் கணக்குல நாள் கிடையாது. மணிதான்."

இரங்கனி கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "நானும் வாறேன்" என்றாள். முழங்கால் வலி என்று போன வருடம் வராமல் இருந்தவள் அவள். ஏன் வருகிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஹட்டன் பக்கத்து வழியாக ஏறி, மண்டபத்தில் இரவைக் கழித்து, இப்போது இரத்தினபுரிப் பாதையில் இறங்குகிறார்கள்.

மகாகிரிதம்ப படிகள் செங்குத்து. கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். கீழிருந்து மூடுபனி ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். முதலில் வெள்ளைத் துணி, பிறகு முகம். "கருணாவை" என்றார்கள். "கருணாவை" என்று இவர்கள் சொன்னார்கள். கருணை கிடைக்கட்டும் என்று அர்த்தம். மலையில் எதிர்ப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய சொல் அது ஒன்றுதான்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. களைச்சுப் போச்சு என்று மலையில் யாரும் சொல்லக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் தூரம் கூடும் என்பார்கள். ஹேமதிலக கூட்டம் நடத்திப் போகும் குரா. அவருடைய கூட்டத்தில் போனால் வாயைத் தைத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஒரு தடவை, இரத்தினக்கல் வியாபாரி ஒருவர் பாதி வழியில் "அப்பாடா, ஏலாது" என்று உட்கார்ந்துவிட்டார். அவரை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்த பிறகுதான் ஹேமதிலக மேலே நடந்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் ஓஷதியும் ஒருத்தி.

ஹெரமிடிபானவில் மண்டபம் வந்தது. ஹேமதிலகவின் நடை தளர்ந்தது. போன வருடம் கூட்டத்தின் முன்வரிசையோடு வந்து, இந்த மண்டபத்தில்தான் மற்றவர்களுக்காக அவர் காத்திருந்தார். எல்லோரும் வந்து, சோறு தின்று, கைகழுவி, வெற்றிலை போட்டு முடித்த பிறகு, இரண்டு கிழவிகளோடு கடைசியாக ஓஷதி வந்தாள்.

"குராட மகளே கடைசி ஆளா வந்தா மற்றவங்க என்ன சொல்லுவாங்க?" என்று அவர் கேட்டார்.

"கருணாவை அப்பா" என்றாள் அவள்.

அந்தப் பதிலில் அவர் எவ்வளவு பூரித்துப்போனார்! கிழவிகளுக்குத் துணையாக வந்திருக்கிறாள், குணமுள்ள பிள்ளை என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார். இப்போது அந்த மண்டபத்து வாசலைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சந்திச்சா என்ன கேப்பீங்க?" என்றாள் இரங்கனி திடீரென்று.

"காய்ச்சல் எப்ப வந்துச்சுன்னு கேப்பேன்."

இரங்கனி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நடங்க" என்றாள்.

அதன் பிறகு பாதை மாறிவிட்டது. மலை அதேதான், படி அதேதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னாலும் அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். அடுத்த திருப்பமா, அதற்கு அடுத்ததா என்பதுதான் தெரியாது. வந்துகொண்டிருக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆவி என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். கணக்கு அப்படி விடாது. அவர் நின்றாலும் அவள் வருவாள், ஓடினாலும் வருவாள், கண்ணை மூடிக்கொண்டாலும் ஏதோ ஒரு படியில் அவரைத் தாண்டிப் போவாள். ஒற்றைப் பின்னலோடு ஒரு பெண் பனிக்குள் தலை குனிந்து ஏறி வந்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் நிமிர்ந்தாள். வேறு யாரோ. "கருணாவை." "கருணாவை." இன்னொரு திருப்பம். இன்னொரு வெள்ளைச் சட்டை. கடந்து போனவர்களைத் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பார்க்காமல் விட்டால் தவறவிட்டுவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது.

தண்ணீர் சொட்டும் பாறை வந்தது.

ஹேமதிலக கடிகாரத்தைப் பார்த்தார். போன வருடம் இந்தத் திருப்பத்தில் தான் ஏறி வந்த நேரம் அவருக்கு மனப்பாடம். பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் சில படிகள் இறங்கினார். இப்போது சரி.

"இங்கதான்" என்றார். "போன வருஷம் இதே நேரத்துக்கு நான் இங்க நின்னேன்."

பாறை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கீழே பார்த்தார். போன வருட ஹேமதிலக ஏறி வருவது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கையில் கம்பு, நிமிர்ந்த நெஞ்சு, கடிகாரத்தில் ஒரு கண். அந்த ஆளுக்கு முகம் நிறையச் சந்தோஷம். நேரத்துக்கு ஏறுகிறேன் என்ற சந்தோஷம். அந்த ஆள் பக்கத்தில் வந்தார், தாண்டினார், போய்விட்டார். ஹேமதிலக அந்த ஆளுக்குப் பின்னால் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.

மண்டபத்துக்கு அவள் பிந்தி வந்ததைக் கிழவிகளின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார். வருடம் முழுக்க அவர் மனதில் ஓஷதி அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தாள். நான் நடந்தேன், அவளும் நடந்தாள், என்னோடுதான் இருந்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னார். தன்னைச் சந்திக்கும் இடத்தில் அவளையும் சந்தித்துவிடலாம் என்று நம்பியே இங்கே வந்திருந்தார். ஆனால் இந்த இடத்தில், இந்த நேரத்தில், அவர் தனி ஆள்.

என் இடம் இன்னும் கீழ இருக்கு அப்பா.

அவளும் அவரும் ஒன்றாகத்தானே இறங்கினார்கள். ஏறும்போதும் ஒன்றாக ஏறியிருந்தால் இருவருக்கும் ஒரே இடம்தானே வர வேண்டும்? அவள் இடம் கீழே என்றால் அவள் பிந்தி ஏறியிருக்கிறாள். வெகுவாகப் பிந்தி. அதைத்தான் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. களைப்பு என்று சொல்லக் கூடாத மலையில், அப்பாவுக்குப் புரியும் பாஷையில், நேரக் கணக்கில் சொல்லியிருக்கிறது. மூன்று நிமிடம் பிந்திய பஸ்ஸின் சாரதியை ஊர் கேட்கத் திட்டுகிற டைம் கீப்பருக்கு அது ஏறவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அவர் பாறையில் கையை ஊன்றிக்கொண்டார். "அவ எங்க இரங்கனி? இந்த நேரம் அவ எங்க நின்னா? எனக்குத் தெரியலையே. பெத்த பிள்ளை எங்க நின்னான்னு தெரியலையே."

"எனக்குத் தெரியும்" என்றாள் இரங்கனி.

அவர் திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடங்க. நீலிஹெலவுக்கு நேரத்துக்குப் போகணும்."

இப்போது அவள் முன்னால் நடந்தாள். முழங்கால் வலியை எங்கே விட்டாளோ தெரியவில்லை. கெத்தம்பானவில் யாத்திரிகர்கள் ஊசியில் கோத்துச் செடிகளில் சுற்றிவிட்ட வெள்ளை நூல்கள் பனியில் நனைந்து பாதையின் குறுக்கே தொங்கின. அவள் தலை குனிந்து அவற்றின் அடியில் புகுந்து போனாள். தேநீர்க்கடைக்காரன், "உட்காருங்க அக்கா, ரொட்டி சூடா இருக்கு" என்றான். அவள் நிற்கவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர்களை விரட்டி நடத்திய குரா, நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னால் ஓடினார்.

நீலிஹெலவில் மலை ஒரு பக்கம் அப்படியே அறுந்து விழும். அந்தக் காலத்தில் நீலி என்றொரு பெண் அங்கே விழுந்து செத்தாளாம். அதனால் போகிற வருகிறவர்களெல்லாம் "நீலி அக்கே!" என்று கூப்பிடுவார்கள். பள்ளத்துக்கு அப்பாலிருந்து பாறை அந்தக் குரலைத் திருப்பித் தரும். அக்கா பதில் சொல்லிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டு நடப்பார்கள். தூரத்திலிருந்தே யாரோ ஒரு கூட்டம் கூப்பிடுவதும் பாறை பதில் சொல்வதும் கேட்டது.

இரங்கனி நின்றாள். மூச்சு வாங்கியது.

"போன வருஷம் இதே நேரம் இங்க இருந்து எனக்குப் போன் பண்ணினா. இங்கதான் சிக்னல் கிடைக்குமாம். தட்டையா ஒரு கல்லுல உட்கார்ந்திருக்கேன்னு சொன்னா. அப்பா மேல போயிட்டாருன்னு சொன்னா."

ஹேமதிலக கடிகாரம் கட்டிய கையைக் கீழே விட்டார்.

"'அம்மா, உடம்பு கொதிக்குது, கண்ணுக்குப் பின்னால வலிக்குது'ன்னு சொன்னா. 'அப்பாக்கிட்ட சொல்லு'ன்னேன். 'மலையில அதைச் சொல்லக் கூடாதே அம்மா'ன்னு சிரிச்சா." இரங்கனி போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நான் என்ன சொல்லியிருக்கணும்? இறங்கி வா மகள்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது அதில்ல. 'ரெண்டு பனடோலைப் போட்டுக்கிட்டு மெல்ல மெல்ல ஏறு. பாதியில திரும்பினா அப்பாட பேர் கெட்டுப் போயிடும். மலையில சமன் தெய்வம் பார்த்துக்கும்'னு சொன்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? எல்லாரும் உங்களைத்தான் குறை சொன்னாங்க. நான் வாயைத் திறந்தா அது என் தலையில விழும். மூடிக்கிட்டு இருந்தேன். உங்க மேல கோபம்னு நீங்க நினைச்சீங்க. நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு வருடமாக அந்த வீட்டில் இருந்த மௌனம் யாருடையது என்று ஹேமதிலகவுக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்பட வேண்டும்போல் இருந்தது. கோபம் வரவில்லை. அவளைப் போலவே அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஓஷதி அன்று அவருக்குப் போன் பண்ணியிருந்தால் அவர் பனடோலைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

"எந்தக் கல்லு?" என்றார்.

இருவரும் பாதையின் வளைவைத் தாண்டினார்கள். பனி லேசாக விலகியிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில், வேலிக் கம்பிக்கு இந்தப் பக்கம், தட்டையான கல் கிடந்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை. முழங்காலின் மேல் குறுக்கே கம்பு. தலை தொங்கியிருந்தது. இரங்கனி அவர் கையைப் பற்றிய பற்றில் நகம் பதிந்தது. கணக்கு தப்பாது, கணக்கு தப்பாது என்று ஏதோ ஒன்று அவருக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். உருண்டை முகம், மூக்கின் பக்கத்தில் ஒரு மரு. பதினாறு பதினேழு வயது இருக்கும். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது.

"கருணாவை" என்றாள்.

மேலே, அடுத்த வளைவிலிருந்து ஒரு ஆண் குரல் அதிகாரமாக வந்தது: "கடைசியில யாரு நிக்கிறது? வாங்க வாங்க, கூட்டம் போகுது!" ஹேமதிலகவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். ஆள் வேறு, குரல் அவருடையதுதான்.

அந்தப் பெண் கம்பை ஊன்றி எழப் பார்த்தாள்.

"களைப்பா இருக்கா, மகள்?" என்று கேட்டார் ஹேமதிலக.

கேட்டுவிட்டார். ஒரு வருடம் பிந்திக் கேட்டார். அந்தப் பெண் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, யாரோ வீட்டில் நன்றாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்த சிரிப்பைச் சிரித்தாள்.

"இல்ல மாமா. கருணாவை."

அன்று அவர் திரும்பி வந்து கேட்டிருந்தாலும் ஓஷதி இதைத்தான் சொல்லியிருப்பாள். இதே சிரிப்பைச் சிரித்திருப்பாள். நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவர் மேலே ஏறியிருப்பார். கேட்பது போதாது.

ஹேமதிலக அந்தக் கல்லில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பைக் கீழே போட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குக் களைச்சுப் போச்சு" என்றார்.

மெல்லச் சொல்லத்தான் நினைத்தார். குரா குரல் அது, மெல்ல வரத் தெரியாது. பள்ளத்துக்கு அப்பாலிருந்து பாறை அதை வாங்கித் திருப்பித் தந்தது: களைச்சுப் போச்சு. ஏறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு முதியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த வயசுல இப்படிப் பேசலாமா, மலையில வெச்சு?" என்று ஒரு அம்மா முணுமுணுத்தாள்.

"ஏலவே ஏலாது" என்றார் ஹேமதிலக இன்னும் உரக்க. கண்ணிலிருந்து தண்ணீர் தாடைக்கு வழிந்தது. அவர் துடைக்கவில்லை. "கால் வலிக்குது. நெஞ்சு வலிக்குது. என்னால ஏலாது."

பாறை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது.

அந்தப் பெண் அவரையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலிருந்து குரல் மறுபடியும் கூப்பிட்டது. அவள் பாதி எழுந்தவள், மெல்லத் திரும்ப உட்கார்ந்தாள். குனிந்து, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கும், மாமா."

இரங்கனி குனிந்து அவள் நெற்றியில் கையை வைத்தாள்.